முதல் ஆட்டம் வெர்னாவோடு

வெஸ்ட் ஹார்லோவில் விவசாயிகள் சங்கக் கூடத்தின் வாசலில் வெர்னா ஸ்டானர்ட் நிற்கிறாள் என்றால் அன்று மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, ஊர் நடன நாள் என்று அர்த்தம். ஒன்றேகால் மணிக்குப் பூட்டைத் திறப்பாள். இரும்பு அடுப்பில் விறகு போடுவாள். பெஞ்சுகளைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, தரையை ஒரு தரம் பெருக்கிவிட்டு, வாசலுக்கு வந்து நின்றுகொள்வாள். இரண்டரை மணிக்கு வயலின்காரர் வில்லை எடுக்கிற வரைக்கும் யாராவது கூப்பிட்டாலொழிய அங்கிருந்து அசையமாட்டாள்.

புதிதாக வருகிறவர்களிடம் சொல்வதற்கு அவளிடம் ஒரு பாடம் இருந்தது. “வாங்க வாங்க, முதல் தடவையா? ரொம்ப சந்தோஷம், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம். ஜோடியோட வரணும்னு இல்ல, தனியா வந்தாலே போதும். பூட்ஸ இங்க கழட்டிட்டு, மெத்துன்னு அடிப்பாகம் இருக்கற செருப்பா போட்டுக்குங்க. சட்டையில பேர் எழுதி ஒட்டிக்குங்க, முதல் பேர் மட்டும். முதல் ஆட்டம் என்னோட.”

பதினாறு வருடமாக இதேதான். ஒரு எழுத்து மாறியதில்லை என்றுதான் அவள் நினைப்பு. முதல் பதின்மூன்று வருடம் அதை வெர்னா சொன்னாள். அப்புறம் மூன்று வருடமாக அது தானே அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பிறந்தது மேட்டுப் பண்ணையில், ஐந்து அண்ணன்களுக்குப் பிறகு. பத்து வயதில் மாடு கறக்கத் தெரியும், பதினாறு வயதில் டிராக்டர் ஓட்டத் தெரியும், இருபத்தைந்து வயதில் வெண்டலைக் கட்டிக்கொண்டாள். பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை, முப்பத்து நான்கு வருடமாக. இருநூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. எந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, எந்தப் பிள்ளை காரட்டைத் தொடாது, எந்தப் பிள்ளைக்கு வீட்டில் காலைச் சாப்பாடு கிடையாது எல்லாம் அவளுக்கு மனப்பாடம். பேச்சுக்காரி இல்லை. ஆனால் ஆடப் பிடிக்கும். வெண்டலுக்கு ஆட்டம் சுத்தமாக வராது, இரண்டு கால்களும் இடக்கால்தான் என்று கல்யாணத்தன்றே தெரிந்துபோனதால் தனியாகவே வந்து ஆடுவாள். தனியாக வந்தாலும் ஒரு பிற்பகலில் நாற்பது பேர் கையைப் பிடித்துவிடலாம், வரிசை ஆட்டத்தின் சௌகரியமே அதுதான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாம் சொல்வோம். வெஸ்ட் ஹார்லோவில் கூடமே நிஜமாகக் கோணல். அடியில் கல் இறங்கி, தரை வடக்கே சாய்ந்திருக்கும். ஆட்டத்தில் எல்லாரும் மெல்ல அடுப்புப் பக்கம் சரிந்துவிடுவார்கள். புதியவர்கள் குறை சொல்ல அங்கே முழு உரிமையும் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில் வெர்னாவின் ஒரே மகன் கர்ட்டிஸ் காரில் செத்துப்போனான். பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடியாய்க் கிடந்த இறக்கம். ஓட்டியது கர்ட்டிஸ் இல்லை, கூட்டாளி. குடித்திருந்தான். ஓட்டியவனுக்கு விலா எலும்பு இரண்டு உடைந்ததோடு சரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் இருபத்து மூன்று வயதோடு போய்விட்டான். வெர்னா அழவில்லை. சவப்பெட்டி தேர்ந்தெடுக்கும்போது அழவில்லை, நீதிமன்றத்தில் அழவில்லை. அங்கே முன்வரிசையில் உட்கார்ந்து தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டியவனுடைய தாய் பின்வரிசை எங்கேயோ இருக்கிறாள் என்று வக்கீல் சொன்னபோதும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து ஊர் மிசஸ் கௌடெட் என்கிற, இவள் ஒருநாளும் நேரில் பார்த்திராத அந்தப் பெண்பிள்ளையிடமிருந்து பிறகு ஒரு கடிதம் வந்தது. பிரிக்காமல் அடுப்பில் போட்டாள்.

அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம் இரண்டாவது ஞாயிறு வந்தது. கூடத்துச் சாவி வெர்னாவிடம் இருந்தது. அவள் போகாவிட்டால் கூடம் திறக்காது என்பதால் போனாள். “என்ன மனத்திடம்!” என்று ஊரே வியந்தது. மனத்திடமாவது மண்ணாங்கட்டியாவது. மரத்துப்போயிருந்தாள். பட்டாணி சூப்பில் உப்பு போட்டோமா என்று நாக்கில் வைத்துப் பார்த்தால்கூட அவளுக்குத் தெரியவில்லை, பிள்ளைகள் முகம் சுளித்த பிறகுதான் தெரியும். வீட்டிலோ, காலையில் வெண்டல் “விறகு இருக்கா” என்பான், இவள் “இருக்கு” என்பாள். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது.

அந்த வாசல் மட்டும் அவளுக்குத் தேவைப்பட்டது. ஊரில் மற்ற எல்லாரும் அவளைக் கண்டதும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, குரலைத் தணித்து, “எப்படி இருக்கே வெர்னா?” என்று இழுப்பார்கள். அவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் அவளை அந்த இறக்கத்துக்கே கூட்டிக்கொண்டுபோய் விட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்களுக்கு அவள் வாசலில் நிற்கும் அம்மா, பெயர் ஒட்டுபவள். மாதத்தில் அந்த ஒன்றேகால் மணி நேரம் அவள் யாருக்கும் செத்த பிள்ளையின் தாயாக இருக்கவேண்டியதில்லை.

அந்த வாசலுக்குத்தான் ஆபத்து வந்தது. வந்தது லோயிஸ் ஃபார்னமின் ரூபத்தில். லோயிஸ் ஆட்டக் கமிட்டியின் தலைவி. நல்ல மனசு, பெரிய வாய். ஊரில் ஒரு கூட்டம், ஒரு கேக் விற்பனை அவளை மீறி நடக்காது. அந்த மார்ச் மாத ஞாயிறன்று சீக்கிரமாகவே வந்து, வெர்னா விறகு போடுவதைப் பார்த்தபடி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

“வெர்னா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே?”

“சொல்லு.”

“அக்டோபர்லேருந்து புதுசா பதினோரு பேர் வந்திருக்காங்க. ஒருத்தர்கூட ரெண்டாவது தடவ வரல. பாதிப் பேரு இடைவேளைக்கு முன்னாடியே கெளம்பிட்டாங்க.”

“பனிக்காலம்.”

“பனிக்காலம் வருஷா வருஷம் வருதும்மா. வரிசைல நாம எல்லாரும் அறுபத தாண்டியாச்சு. புதுசா ஆள் வரலேன்னா இன்னும் அஞ்சு வருஷத்துல ஆட்டம் சொல்ற ஹைரம் காலி நாற்காலிகளுக்குத்தான் சொல்லிக் குடுக்கணும்.” லோயிஸ் குரலை இறக்கினாள். “ஒம் மேல தப்புன்னு யாரும் சொல்லல. ஆனா நீ வாங்கன்னு சொல்றது... எப்படிச் சொல்ல... ஆறிப்போன கஞ்சி மாதிரி இருக்குடி.”

வெர்னா அடுப்புக் கதவைச் சாத்தினாள்.

“இன்னிக்கு வர்றவங்க கடைசியா ஆடற வால்ஸ் வரைக்கும் இருந்தா சரி, நான் வாயத் தெறக்கல. இல்லேன்னா ஏப்ரல்லேருந்து நம்ம பாட்ஸி வாசல்ல நிக்கட்டும். நீ நிம்மதியா உக்காந்து இசையக் கேளு. நாங்கல்லாம் பக்கத்துல உக்காந்துக்கறோம்.”

பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்கள். தலையைச் சாய்த்துக்கொண்டு, இரண்டு பக்கமும். அதை நினைத்ததும் வெர்னாவுக்குப் பயம் வந்தது. மூன்று வருடத்தில் அவளுக்கு வந்த முதல் பயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அன்றைக்குப் பார்த்துப் பனி உருகி ஊரெல்லாம் சேறு. மலைப் பாதைகளில் வண்டிகள் அச்சு வரை புதைந்தன. மேப்பிள் மரத்தின் இனிப்புச் சாற்றைக் காய்ச்சும் மும்முரத்தில் வெண்டலைப் போலப் பாதி ஆண்பிள்ளைகள் கொட்டகைகளில் கிடந்தார்கள். பழைய ஆட்கள் எப்படியோ வந்து சேர்ந்தார்கள். வாசலை ஒட்டிய சின்ன அறையில் பூட்ஸ்கள் வரிசை கட்டின. எல்லாம் ஒரே பச்சை ரப்பர் பூட்ஸ். சுற்று வட்டாரத்துக்கே ஒரே கடை, ஒரே ரகம். இரண்டு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கும்போது அன்றைக்கான ஒரே புது ஆள் வந்தாள்.

ஐம்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு, ஒட்ட வெட்டிய நரைமுடி. வாசற்படியில் ஒரு காலை வைத்தவள் வெர்னாவைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறவள்போல இருந்தது. வெர்னா அதைக் கவனிக்கவில்லை. முகங்களைப் பார்ப்பதை அவள் எப்போதோ விட்டிருந்தாள். ஒரு கோட்டு, ஒரு கழுத்துத்துணி வந்து நிற்கிறது என்பதோடு சரி.

“வாங்க வாங்க,” என்றது வெர்னாவின் வாய். “முதல் தடவையா? ரொம்ப சந்தோஷம், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தோம்.”

வந்தவள் காலை உள்ளே எடுத்து வைத்தாள். “எனக்காகவா?” என்று கேட்டாள்.

“ஜோடியோட வரணும்னு இல்ல, தனியா வந்தாலே போதும்.” பாடம் கடைசி வரை ஓடி முடிந்தது. வந்தவள் பூட்ஸைக் கழற்றினாள், ஒட்டுத்தாளில் நோரீன் என்று எழுதினாள். எழுத்து கோணிப்போனது. ஒட்டிக்கொண்டதும் கழிவறை எங்கே என்று கேட்டுப் போனவள் ஐந்து நிமிடம் கழித்து ஈர முகத்தோடு திரும்பினாள். லோயிஸ் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்குப் புது ஆட்களுக்கு அரை மணி நேரப் பயிற்சி. அன்று புது ஆள் ஒருத்திதான் என்றாலும் ஹைரம் குறைவைக்கவில்லை. ஆட்டம் சொல்பவர் அவர். எழுபத்தெட்டு வயது, சிவப்புத் தோள்வார், ஊருக்கே கேட்கும் குரல்.

“இது கல்யாணம் இல்லம்மா, பயப்படாதீங்க,” என்றார். “ஜோடி சரியில்லேன்னா பத்து நிமிஷத்துல மாத்திக்கலாம். எங்க வீட்டுக்காரிகிட்ட கேளுங்க, அவளுக்கு அந்த வசதி கெடைக்கல.”

நோரீன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள்.

“ரெண்டே விஷயம் ஞாபகம் வெச்சாப் போதும். ஒண்ணு, தப்புப் பண்ணினா நின்னுடாதீங்க. ஒருத்தர் நின்னா வரிசையே குலைஞ்சிரும். தப்பாவே போய்க்கிட்டிருங்க, யாராவது புடிச்சு சரியாத் தள்ளிவிட்ருவாங்க. இன்னொண்ணு, ஜோடியோட சுத்தும்போது தரையப் பாக்காதீங்க, செவுத்தப் பாக்காதீங்க. எதிராளி கண்ணையே பாருங்க. கண்ணப் பாத்தா தல சுத்தாது. வெர்னா, வந்து காட்டு.”

வெர்னா போய்க் காட்டினாள். அவளுடைய கண் ஹைரமின் இடது காதில் இருந்தது. மூன்று வருடமாக அவள் எல்லாரோடும் சுற்றுவது காதைப் பார்த்துத்தான். அதனால் அவளுக்குத் தலை சுற்றும். சுற்றினால் சுற்றட்டும் என்று விட்டுவிட்டாள்.

இரண்டரைக்கு வயலினும் பியானோவும் தொடங்கின. கூடத்தில் நீளவாக்கில் இரண்டு வரிசை, எதிரெதிராக. பெண்ணும் பெண்ணும் ஜோடி சேர்வதெல்லாம் அங்கே ஒருவர் கண்ணிலும் படாது. வெர்னா புது ஆளை வரிசையின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினாள். நான்கு பேராக வட்டம், இடக்கை கோத்துச் சக்கரம், நீள்வரிசை முன்னே பின்னே, பிறகு ஜோடியோடு சுற்று. சுற்றி முடித்ததும் ஜோடியாகவே ஒரு இடம் நகர்ந்து, புதிதாக எதிர்ப்படும் இருவரோடு முதலிலிருந்து தொடங்கவேண்டும். அரை நிமிடத்துக்கு ஒரு தரம் எல்லாரும் தத்தம் ஜோடியிடம் வந்து சேர்வார்கள். பிறகு மறுபடி மற்றவர்கள் கைக்குப் போவார்கள்.

முதல் இரண்டு முறை நோரீன் இடக்கையை நீட்டவேண்டிய இடத்தில் வலக்கையை நீட்டினாள். எல்டன் என்கிற ஓய்வுபெற்ற தபால்காரர் அவள் தோளைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். மூன்றாவது முறை சரியாக வந்துவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்கிற மாணவிபோல வெர்னாவின் கண்ணையே பார்த்துக்கொண்டு சுற்றினாள்.

“வாசல்ல ஒங்களப் பாத்ததும் திரும்பி ஓடிரலாம்னுதான் நெனச்சேன்,” என்றாள் சுற்றியபடி.

“முதல் நாள் எல்லாருக்கும் அப்படித்தான்,” என்றாள் வெர்னா அவள் காதைப் பார்த்து. “இப்ப வட்டம்.”

வட்டம் போய், சக்கரம் போய், வரிசை முன்னும் பின்னும் போய்த் திரும்ப வந்தார்கள்.

“நீங்க காத்துக்கிட்டிருந்தோம்னு சொன்னீங்க பாருங்க. பாத்ரூம்ல போய் அழுதுட்டேன்.”

“அப்படியா. வலக்கால முன்னாடி வைங்க, சுத்தறதுக்கு வசதி.”

மறுபடி பிரிந்தார்கள். லோயிஸ் எதிர் ஜோடியாக வந்தபோது, புது ஆளின் முகத்தைப் பார்த்துவிட்டு வெர்னாவிடம் கண்ணால் சபாஷ் என்றாள். அந்தப் பெண் அப்படிப் பூரித்துப்போயிருந்தாள். வால்ஸ் வரை இருப்பாள், சந்தேகமே இல்லை. வாசல் தப்பியது என்று வெர்னா எண்ணிக்கொண்டாள்.

“லெட்டர் போட்டேன், பதில் வரல. சரி, ஜென்மத்துக்கும் இல்லேன்னு விட்டுட்டேன்,” என்றாள் நோரீன் அடுத்த சுற்றில். மூச்சு வாங்கியது. “வீட்டுக்குப் போய் எம் மகன்கிட்ட சொன்னா அவன் நம்பவே மாட்டான்.”

வெர்னா காதிலிருந்து கண்ணுக்கு வந்தாள்.

பழுப்பும் பச்சையும் கலந்த கண். அது அவளுக்குத் தெரிந்த கண். எட்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, “இன்னும் ஒண்ணு இருக்கா மிசஸ் ஸ்டானர்ட்?” என்று தட்டை நீட்டிய பையனுக்கு இதே கண். அவன் பெயர் பிரெண்ட் கௌடெட். காரை ஓட்டியவன்.

கால் நிற்கவில்லை. நின்றால் வரிசை குலையும், அது பதினாறு வருடப் பழக்கம். சுற்று முடிந்தது, ஒரு இடம் நகர்ந்தாள், எல்டனின் மனைவியிடம் கையைக் கொடுத்தாள், வட்டம் போனாள். அடுத்த அரை நிமிடத்தில் அந்தக் கண்கள் மறுபடி அவளுக்கு எதிரே வந்தன. அவள் மகனைக் கொன்றவனைப் பெற்றவளின் கை அவள் முதுகில் இருந்தது. ஆட்டம் முடிய இன்னும் ஏழு முறை வந்தது. நோரீன் ஒவ்வொரு முறையும் சிரித்தாள். வெர்னா ஒவ்வொரு முறையும் பார்த்தாள். உள்ளே ஏதாவது பொங்கும், கத்துவோம், அறைந்துவிடுவோம் என்று காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. தலை சுற்றாமல் இருந்தது, அது மட்டும்தான் மாறியிருந்தது.

இசை நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். ஜோடிக்கு நன்றி சொல்லவேண்டிய நேரம் அது.

“நீங்கன்னு எனக்குத் தெரியாது,” என்றாள் வெர்னா.

நோரீனின் சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சமிருந்தது. “என்னங்க?”

“வாசல்ல. நான் ஒங்க மூஞ்சியப் பாக்கல. யார் வந்தாலும் அதேதான் சொல்றது. நாய் உள்ள வந்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.”

பேய் அறைந்தவள்போல நின்றாள் நோரீன். பிறகு, “ஓ,” என்றாள். “சரி. சரிங்க. புரியுது.” சட்டையில் ஒட்டியிருந்த பெயரைப் பிய்த்து உள்ளங்கையில் மடித்துக்கொண்டாள். புது ஆள் ஒருபோதும் பெஞ்சில் உட்காரக் கூடாது என்பது கூடத்தின் சட்டம். அதன்படி எல்டன் இரண்டாவது ஆட்டத்துக்குக் கூப்பிட வந்து கையை நீட்டினார். அவள் தலையை ஆட்டிவிட்டு வாசல் அறைப் பக்கம் நடந்தாள்.

எல்டன் நீட்டிய கையோடு நின்றார். “என்ன, கால் கீல் மிதிச்சுட்டியா வெர்னா?”

வெர்னா பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். சொல்லவேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இனி ஒரு நிம்மதி வரவேண்டும் என்று பார்த்தாள். அதுவும் வரவில்லை. கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து லோயிஸ் புருவத்தைத் தூக்கினாள். முதல் ஆட்டத்திலேயே ஆள் கிளம்பிவிட்டது. இனி ஏப்ரலில் பாட்ஸிதான். வெர்னா எழுந்து போனதற்கு அதுவும் ஒரு காரணம், இல்லை என்று நான் பூசி மெழுகப் போவதில்லை. பச்சாதாபத்தில் போனாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அப்போது அவளிடம் அது இல்லை.

வாசல் அறையில் நோரீன் மண்டியிட்டிருந்தாள். நாற்பது ஜோடி பச்சை பூட்ஸில் எது தன்னுடையது என்று தெரியாமல் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் சேறு. பழைய ஆட்கள் தங்கள் பூட்ஸில் ஒரு துணியையோ கயிற்றையோ கட்டிவைப்பார்கள். புது ஆளிடம் அதைச் சொல்லவேண்டியது வாசலில் நிற்பவளின் பொறுப்பு. மூன்று வருடத்தில் அது பாடத்திலிருந்து எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது.

“என்ன நம்பர்?” என்று கேட்டாள் வெர்னா.

“ஏழு. நானே தேடிக்கறேன், நீங்க போங்க.”

வெர்னா எதிர்க் கோடியில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தாள். கூடத்தில் அடுத்த ஆட்டம் தொடங்கிப் பலகைத் தரை அதிர்ந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பூட்ஸைப் புரட்டினார்கள்.

“நீங்க இங்க இருப்பீங்கன்னு தெரிஞ்சு வரலீங்க,” என்றாள் நோரீன், நிமிராமல். “ஹார்டுவேர் கடையில நோட்டீஸ் பாத்தேன். யார் வேணாலும் வரலாம்னு போட்டிருந்தது. யார் வேணாலும்னா நானுந்தானேன்னு...” நிறுத்தினாள். “எங்க ஊர்ல யாராவது என் கையத் தொட்டு மூணு வருஷமாச்சு. சர்ச்சுல பக்கத்துல உக்கார மாட்டாங்க. கடையில சில்லறையக்கூட மேஜ மேல வெச்சுட்டுத் தள்ளுவாங்க. இன்னிக்கு எத்தன பேரு புடிச்சாங்க தெரியுமா? சேத்துல வண்டிய வுட்டுட்டு ரெண்டு மைல் நடந்து வந்தேன், அதுக்கு இது போதும்.”

வெர்னா ஒரு பூட்ஸின் அடியைப் பார்த்தாள். எட்டு. கீழே வைத்தாள்.

“ஒங்க மகன் ஒரு தடவகூட வந்து எங்கள எட்டிப் பாக்கல,” என்றாள். அதைச் சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. “எட்டு வருஷம் எங் கையால தின்னான்.”

“வந்தான். ஜெயில்லேருந்து வந்த வாரமே. ஒங்க வீட்டு ரோட்டு முனையில ஒரு மணி நேரம் நின்னுட்டுத் திரும்பிட்டான். ரெண்டாவது தடவயும் அப்படித்தான். இப்ப ரூம விட்டே வர்றதில்ல.”

“மன்னிச்சுட்டேன்னு சொல்வேன்னு மட்டும் எதிர்பாக்காதீங்க.”

“எதிர்பாக்கலங்க.” நோரீன் சேற்றுக் கையை மடியில் துடைத்துக்கொண்டாள். “வாசல்ல மட்டும் அப்படி நெனச்சுட்டேன். ஆட்டம் முடியற வரைக்கும். நல்லாருந்தது, அவ்வளவுதான்.”

வெர்னாவின் கையில் இருந்த பூட்ஸ் ஏழாம் நம்பர். துணியும் இல்லை, கயிறும் இல்லை. ஜோடியும் பக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்து நீட்டினால் தீர்ந்தது. இந்தப் பெண்பிள்ளை எழுந்து சேற்றில் நடந்து போய்விடுவாள், மறுபடி எந்தக் கூடத்துக்கும் போகமாட்டாள். வெர்னா பூட்ஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

உள் கதவு திறந்தது. லோயிஸ் மேப்பிள் பிஸ்கட் தட்டோடு வந்து நின்றாள்.

“அதுக்குள்ள கெளம்பியாச்சா? வெர்னா, என்னடி இது! இன்னும் எவ்வளவு ஆட்டம் இருக்கு, கடைசில வால்ஸ் இருக்கு...” சொல்லிக்கொண்டே வந்தவள், தரையில் சேற்றுக் கையோடு எதிரெதிரே உட்கார்ந்திருந்த இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன, ரெண்டு பேருக்கும் முன்னாடியே பழக்கமா?”

நோரீன் தலையைக் குனிந்துகொண்டாள். இல்லை என்று சொல்ல அவள் வாய் திறந்தது. அவள் சொல்லியிருந்தால் லோயிஸ் நம்பியிருப்பாள். வெஸ்ட் ஹார்லோவில் யாருக்கும் எதுவும் தெரியாமலே போயிருக்கும்.

“பழக்கந்தான்,” என்றாள் வெர்னா. “இவங்க மகனும் எம் மகன் கர்ட்டிஸும் ஒரே கார்ல போனாங்க.”

லோயிஸ் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. பிஸ்கட் ஒவ்வொன்றாகப் பூட்ஸ்களுக்கு நடுவே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. மூன்று வருடமாக வெர்னா அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்ன பிறகுதான் வலித்தது. எலும்புக்குள்ளிருந்து, மூன்று வருடத்துக்கும் சேர்த்து, மூச்சு விடமுடியாமல் வலித்தது. அந்த ஏழாம் நம்பர் பூட்ஸை மாரோடு அணைத்துக்கொண்டு, சேற்றில் உட்கார்ந்து, கர்ட்டிஸ் கர்ட்டிஸ் என்று வெர்னா பெருங்குரலெடுத்து அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நோரீன் கேட்டாள்.